பூசாமல் விட்ட ஒரு முழச் சுவர்: யூத மரபில் நினைவைக் கடமையாகக் காக்கும் முறை

எபிரேய மொழியில் 'ஸகோர்' என்றால் 'நினைவில் வை' என்று பொருள். யூதரின் திருநூலான தோராவில் இச்சொல் ஏவலாகவே வருகிறது. ஓய்வுநாளைக் காப்பதும் கூலியாளுக்கு அன்றன்றே கூலி கொடுப்பதும் எப்படிக் கட்டளைகளோ, அப்படியே நினைவில் வைப்பதும் அங்கே ஒரு கட்டளை. தானாக எழுந்து தானாக மறையும் உணர்ச்சியை எவரும் கட்டளையிட முடியாது. செயலைத்தான் கட்டளையிட முடியும். ஆகவேதான் யூத மரபு நினைவைக் கைக்கும் வாய்க்கும் நாட்காட்டிக்கும் பணப்பைக்கும் உரிய வேலையாக வகுத்து வைத்திருக்கிறது.

அந்த வேலை எதை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதைத் தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 24-ஆம் அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. வயலில் அறுவடை செய்யும்போது ஓர் அரிக்கட்டை மறந்து விட்டுவந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று கூறும் அந்தப் பகுதி, எகிப்தில் நீ அடிமையாக இருந்ததை நினைவில் வை, அதனால்தான் இதைச் செய்யும்படி உனக்குக் கட்டளையிடுகிறேன் என்று முடிகிறது. அரிக்கட்டை மறந்துவிடலாம், அதற்கு மன்னிப்பு உண்டு. அடிமையாக இருந்ததை மட்டும் மறக்கலாகாது. தன் துன்பத்தின் நினைவு, இப்போது துன்பப்படும் இன்னொருவரிடம் ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே இதன் கருத்து. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு முறையையும் அந்த அளவுகோலால் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

யூதக் குடும்பத்தில் பிறந்தும் இவற்றை முறையாகக் கற்க வாய்க்காதவர்கள், யூத நண்பரின் துக்கத்தில் பங்கெடுக்க விரும்புபவர்கள், யூத இனப்படுகொலையை மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் என்னும் மன்றாட்டு போன்ற சில வழிபாட்டுக் கடமைகள் யூதருக்கே உரியவை. பிறர் அவற்றைத் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. துக்கம் விசாரிப்பதும், பெயரைச் சொல்வதும், சான்றைப் பதிவதும், எளியவரைக் காப்பதும் எவரும் செய்யக்கூடியவை.

துக்க வீட்டில்

அடக்கம் செய்த நாளையும் சேர்த்து எண்ணி ஏழு நாள்கள் 'ஷிவா' எனப்படும் துக்கக் காலம் காக்கப்படுகிறது. தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், கணவர் அல்லது மனைவி ஆகியோரை இழந்தவர்கள் அந்நாள்களில் தாழ்ந்த இருக்கையில் அமர்கிறார்கள். தோல் காலணி அணிவதில்லை. பல வீடுகளில் கண்ணாடிகளைத் துணியால் மூடிவைக்கிறார்கள். அடக்கத்தின்போது கிழித்த ஆடையைக் காணலாம். தாய்க்காகவும் தந்தைக்காகவும் இதயம் இருக்கும் இடப்பக்கத்திலும், மற்றவர்களுக்காக வலப்பக்கத்திலும் கிழிப்பது முறை. பெற்றோரை இழந்தாரா, வேறு உறவினரையா என்பதை ஆடையே சொல்லிவிடுவதால், வருகிறவர் அதைக் கேட்டுத் துயரைக் கிளற வேண்டியதில்லை.

அங்கே செல்பவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வாய் திறக்காமல் உட்காருவதைத்தான். துக்கத்தில் இருப்பவர் பேசத் தொடங்கும்வரை ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக் கூடாது என்பது யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் தரும் விதி. யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அந்த மௌனம்தான் என்பதும், பேசத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள் என்பதும் அக்கதையைப் படித்தவர்களுக்கு விளங்கும். ஆகவே கதவு திறந்திருந்தால் மணியடிக்காமல் உள்ளே செல்லுங்கள். வழக்கமான முகமன் கூறாதீர்கள். அவர் அழுதால் அருகில் இருங்கள். அவர் சிரித்தபடி ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னால் அதையும் கேளுங்கள்.

பேச்சு தொடங்கியதும் இறந்தவரைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். அவர் எந்த ஊரில் வளர்ந்தார், எந்த வேலையை விரும்பிச் செய்தார், குடும்பத்தில் யாரை எப்படி அழைப்பார் என்று கேட்கலாம். நீங்கள் அவரை அறிந்திருந்தால், குடும்பத்தார் அறியாத ஒரு செய்தியை, அவர் உங்களுக்குச் செய்த ஓர் உதவியைச் சொல்வது நீங்கள் கொண்டுவரக்கூடிய மிக உயர்ந்த பொருள். 'வயதாகிவிட்டது, போனதும் நல்லதுதான்', 'எல்லாம் நன்மைக்கே' போன்ற சொற்களைத் தவிருங்கள். துக்கத்தின் அளவைக் குறைக்கும் உரிமை வந்தவருக்கு இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பியதும் உண்ணும் முதல் உணவைத் துக்கமடைந்தவர் தம் வீட்டுப் பொருளிலிருந்து எடுத்து உண்ணக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். முட்டையும் பயறும் அதில் இடம்பெறுகின்றன. பயறு சக்கரம்போல் உருண்டையானது, துக்கமும் அப்படி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உருண்டு செல்வது என்றும், பயற்றுக்கு வாய் போன்ற பிளவு இல்லாததுபோலத் துக்கமடைந்தவருக்கும் வாயில்லை என்றும் தல்மூத் இரண்டு காரணம் கூறுகிறது. நீங்கள் உணவு எடுத்துச் செல்வதாக இருந்தால், அந்த வீட்டில் உணவுச் சட்டம் எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது என்பதை உறவினர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூச்செண்டு வழக்கத்தில் இல்லை. அதற்கு ஆகும் பணத்தை இறந்தவர் பெயரால் ஓர் அறப்பணிக்குக் கொடுப்பதே மரபு.

எழுந்து விடைபெறும்போது சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கம் காக்கும் மற்ற அனைவரோடும் இறைவன் உங்களையும் தேற்றுவாராக. எபிரேய வாசகத்தில் இறைவனைக் குறிக்க 'இடம்' என்னும் சொல் வருகிறது. ஒருவர் இருந்த இடம் வெறுமையாகிவிட்ட வீட்டில் அந்தப் பெயர் ஒலிப்பதைக் கேட்டால் அதன் பொருத்தம் புரியும். யூதரல்லாதவர் இதைத் தம் மொழியில் சொல்லலாம். சொல்லாமல் தலை வணங்கியும் வரலாம்.

உண்மையான நினைவு

இறந்தவரைப் பற்றி உரையாற்ற உங்களை அழைத்தால், 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்கான் ஆருக்' என்னும் சட்டநூல் கூறும் அளவை மனத்தில் கொள்ளுங்கள். இறந்தவரைத் தகுந்தபடி புகழ்வது பெரிய நற்செயல் என்று கூறும் அந்நூல், அவரிடம் இருந்த நற்குணங்களைச் சொல்லி அவற்றோடு சிறிதளவு கூட்டலாம், அளவுமீறிக் கூட்டக் கூடாது, அறவே இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்லவும் கூடாது என்று வரையறுக்கிறது. பொய்ப் புகழ் இறந்தவரை மறைத்து, அவர் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிடுகிறது. அப்போது நாம் நினைவுகூர்வது அவரை அன்று. ஆகவே பண்புப் பெயர்களை அடுக்காமல், அவர் செய்த செயல்களைச் சொல்லுங்கள். 'இரக்கமுள்ளவர்' என்பதைவிட, எந்த நாளில் எவருடைய கதவைத் தட்டினார் என்பது நெடுநாள் நிற்கும். இறந்தவரைப் பற்றி அவதூறு பேசுவதை யூதச் சட்டம் கடுமையாகத் தடுக்கிறது. மறுத்துப் பேச முடியாத ஒருவரின் மானத்தைக் காக்கும் பொறுப்பு உயிரோடிருப்பவரிடம்தான் இருக்கிறது.

கதீஷ்

ஷிவாவுக்குப் பிறகு முப்பது நாள்வரை துக்கம் சற்றுத் தளர்ந்து தொடர்கிறது. தாய் தந்தையருக்கு மட்டும் பன்னிரண்டு மாதங்கள் நீள்கிறது. அக்காலத்தில் பிள்ளைகள் சொல்ல வேண்டியது கதீஷ். பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்த இந்த மன்றாட்டில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவனுடைய பெயரை மேன்மைப்படுத்துவதே. இதைத் தனியே சொல்ல முடியாது. 'மின்யான்' எனப்படும் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். துயரத்தில் கதவை அடைத்துக்கொண்டு கிடக்க நினைப்பவரை இந்த விதி நாள்தோறும் எழுப்பிப் பிறர் நடுவே நிறுத்துகிறது. பதினோரு மாதங்களோடு இது நிறுத்தப்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு: தீயவர்களுக்கான தீர்ப்புக் காலம் பன்னிரண்டு மாதம் என்று தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா சொல்வதால், முழுப் பன்னிரண்டு மாதமும் சொன்னால் தன் பெற்றோரைத் தீயவராக எண்ணியதுபோல் ஆகிவிடும். எண்ணிக்கையில்கூட இறந்தவரின் மதிப்பைக் காக்கும் இந்த நுட்பம் என்னை மிகவும் நெகிழச் செய்வது.

கதீஷ் சொல்லத் தொடங்குபவர் முதலில் உச்சரிப்பைப் பழகிக்கொள்ள வேண்டும். தொழுகைக்கூடத்தில் ஒருவரிடம் சொல்லிவைத்தால் அருகில் நின்று கூடவே சொல்வார்கள். மின்யானில் பெண்களையும் எண்ணுவதா என்பதில் யூத சமயப் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆகவே செல்லும் இடத்தின் வழக்கத்தை முன்பே கேட்டறிவது நல்லது. இது தொடர்பாக ஹென்றியெட்டா சோல்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1912-இல் ஹதாசா என்னும் யூதப் பெண்கள் அமைப்பை நிறுவிய அவர், 1916-இல் தம் தாய் இறந்தபோது, ஆண்மக்கள் இல்லாத அக்குடும்பத்துக்காகத் தாம் கதீஷ் சொல்வதாக ஒரு குடும்ப நண்பர் அன்போடு முன்வந்ததற்கு நன்றி கூறி மறுத்துவிட்டார். மகள்களின் இடத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே தம் பெற்றோரின் எண்ணமும் என்று அவர் எழுதினார். நினைவுக் கடமையைக் கூலிக்கோ தயவுக்கோ இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் முன் அந்தக் கடிதத்தை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஆண்டு நினைவு நாள்

ஆண்டுதோறும் வரும் இறந்த நாளுக்கு 'யார்சைட்' என்று பெயர். இது எபிரேய நாட்காட்டிப்படி வருவதால் பொது நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும். கணக்கிடும்போது இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. முதலாவது, எபிரேய நாள் சூரிய மறைவில் தொடங்குகிறது. மாலை இருட்டிய பிறகு இறந்தவருக்கு அடுத்த எபிரேயத் தேதியே நினைவு நாள். இரண்டாவது, 19 ஆண்டுச் சுற்றில் 7 ஆண்டுகளில் அதார் மாதம் இரண்டு முறை வரும். அதார் மாதத்தில் இறந்தவருக்கு எந்த அதாரில் நினைவு நாள் காப்பது என்பதில் வழக்கங்கள் வேறுபடுவதால் அதை யூத சமய குருவான ஒரு ரபியிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இறந்த நாளின் பொதுத் தேதியையும் ஏறத்தாழ நேரத்தையும் உங்கள் குடும்ப ஏட்டில் எழுதிவைத்தால் எபிரேயத் தேதியை எப்போதும் கண்டுபிடித்துவிடலாம். நேரத்தை எழுதாமல் விட்ட குடும்பங்கள் பின்னர் வருந்துகின்றன.

அன்று முந்தைய மாலையே ஒரு நாள் முழுதும் எரியும் விளக்கை ஏற்றுகிறார்கள். மனிதனின் ஆவி இறைவன் ஏற்றிய விளக்கு என்னும் நீதிமொழிகள் வாசகம் இதன் வேர். இதற்கெனக் கட்டாயமான மந்திரம் எதுவும் இல்லை. ஆகவே ஏற்றும்போது அவரைப் பற்றிச் சில வார்த்தைகளை உங்கள் மொழியிலேயே சொல்லலாம், வீட்டிலுள்ள சிறுவர்களையும் அழைத்து நிறுத்தலாம். மறுநாள் கதீஷ் சொல்வதும், இயன்ற அளவு தர்மம் செய்வதும், மிஷ்னாவில் ஒரு பகுதியைப் படிப்பதும் வழக்கம். எபிரேயத்தில் 'மிஷ்னா' என்பதற்கும் 'நெஷாமா', அதாவது ஆன்மா என்பதற்கும் எழுத்துகள் ஒன்றே. அவற்றின் வரிசைதான் வேறு.

கல்லறைக்குச் செல்பவர்கள் ஒரு சிறு கல்லை அங்கே வைத்துவிட்டு வருகிறார்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது பயனுள்ளது: மேலே உள்ள 'பே', 'நூன்' என்னும் இரண்டு எழுத்துகள் 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்' என்பதன் சுருக்கம், கீழே உள்ள ஐந்து எழுத்துகள், இவருடைய ஆன்மா உயிருள்ளோரின் கட்டில் கட்டப்பட்டிருப்பதாக என்னும் வேண்டுதல். இடையில் பெயர், 'இன்னாரின் மகன்' அல்லது 'இன்னாரின் மகள்' என்று வரும். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் தொழுகைக்கூடத்தின் முன் உள்ள 1269-ஆம் ஆண்டுக் கல்லில் 'இஸ்ரவேலின் மகள் சாராள்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயரும் தந்தை பெயரும் தேதியும் இருப்பதால் ஏழரை நூற்றாண்டுக்குப் பின்னும் அங்கே நிற்கும் ஒருவர் அவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

மக்களினத்தின் நினைவு

தனி மனிதர் தாம் வாழ்ந்து அறிந்ததை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்று நாம் எண்ணுகிறோம். மிஷ்னா அதை ஏற்பதில்லை. எகிப்திலிருந்து தானே புறப்பட்டு வந்தவனைப்போல் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தம்மைக் காண வேண்டும் என்று கட்டளையிடுகிறது. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பஸ்கா இரவின் 'சேதர்' விருந்து முழுவதும் இந்த ஒரு கட்டளையை நிறைவேற்றும் கருவிதான்: புளிப்பில்லாத அப்பம், கசப்புக் கீரை, கண்ணீரை நினைவூட்டும் உப்பு நீர், இளையவர் கேட்கும் கேள்விகள். இதை நடத்துபவர் நூலை வேகமாக வாசித்து முடிப்பதில் கவனம் வைக்காமல், பிள்ளை கேள்வி கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் திராட்சை இரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அழிந்த எகிப்தியருக்காக நம் மகிழ்ச்சியின் கிண்ணம் குறைகிறது என்று இதற்கு விளக்கம் தருவார்கள். அதை ஏன் செய்கிறோம் என்று குழந்தைகளிடம் சொல்லாமல் கடந்துவிடாதீர்கள். எகிப்தியனை அருவருக்காதே, அவன் நாட்டில் நீ பரதேசியாக இருந்தாய் என்று அதே உபாகமம் வேறோர் இடத்தில் சொல்கிறது. பின்னால் தளர்ந்து வந்த பலவீனரைத் தாக்கிய அமலேக் என்னும் இனத்தை மறக்காதே என்று சொல்வதும் அதே நூல்தான். கொடுமையை மறக்கவும் கூடாது; நினைவை வெறுப்பாக ஊறவிடவும் கூடாது.

நினைவுகூர எவரும் மிஞ்சாதவர்களுக்காக

நாஜிகளும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் 60 லட்சம் யூதர்களைக் கொன்றபோது, பல குடும்பங்களில் கதீஷ் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவை தெவேத் மாதம் 10-ஆம் நாளைப் பொதுக் கதீஷ் நாளாக வகுத்தது. நிசான் மாதம் 27-ஆம் நாள் 'யோம் ஹஷோவா' நினைவு நாளாகக் காக்கப்படுகிறது. இஸ்ரேலில் காலையில் இரண்டு நிமிடம் சங்கொலி எழும்போது சாலையில் செல்லும் வாகனங்களும் நின்றுவிடுகின்றன. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27-ஐ ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் உலக நினைவு நாளாக அறிவித்தது.

இந்நாள்களில் நிகழ்ச்சி நடத்துபவர்கள் செய்யத்தக்க மிகச் சிறந்த செயல், பெயர்களை உரக்க வாசிப்பதே. 60 லட்சம் என்னும் எண்ணை மனம் தாங்காது. ஆனால் ஒரு பெயர், ஒரு வயது, ஓர் ஊர் என்று கேட்கும்போது அது நெஞ்சில் இறங்கும். எருசலேமிலுள்ள யாத் வஷேம் நிறுவனம் 1953-இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அதன் பெயரே 'நினைவுச்சின்னமும் பெயரும்' என்னும் ஏசாயா 56:5 வாசகம். அதன் பெயர்த் தொகுப்பை இணையத்தில் எவரும் பார்க்கலாம். வாசிக்கப்போகும் பெயர்களை முன்கூட்டியே எடுத்து, உச்சரிப்பைப் பழகி, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு வாசியுங்கள். நேரம் போதவில்லை என்றால் பெயர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். பிணங்களின் படங்களைப் பின்னணியில் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கொன்றவர்கள் பறிக்க நினைத்த மானத்தை அது இன்னொரு முறை பறிக்கிறது. உயிரோடிருந்த நாளில் எடுத்த படம் இருந்தால் அதைக் காட்டுங்கள்.

உங்கள் குடும்பத்திலோ உங்களுக்குத் தெரிந்த குடும்பத்திலோ கொல்லப்பட்ட ஒருவர் இருந்தால், யாத் வஷேமின் 'சாட்சியப் பக்கம்' அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் நிரப்பி அனுப்புங்கள். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தொழில், போருக்கு முன் வாழ்ந்த இடம், இறந்த சூழ்நிலை ஆகியவற்றை அது கேட்கிறது. அனைத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை உண்மைபோல் எழுதாதீர்கள்.

எதைப் பதிந்து வைப்பது என்று தயங்குபவர்களுக்கு நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதியான வார்சா கெட்டோ ஒரு பாடம். 1940 நவம்பரில் வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் தலைமையில் 'ஓனெக் ஷப்பாத்' என்னும் இரகசியக் குழு அங்கே கூடியது. பசியும் கொலையும் சூழ்ந்த நாள்களில் அவர்கள் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மட்டுமல்லாமல், உணவுப் பங்கீட்டு அட்டை, மிட்டாய் உறை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை ஆகியவற்றையும் சேர்த்துவைத்தார்கள். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். 1944 மார்ச்சில் ரிங்கெல்ப்ளும் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய சிலரின் உதவியால் ஒரு பகுதி 1946-இலும் மற்றொரு பகுதி 1950-இலும் தோண்டி எடுக்கப்பட்டன. கொல்லப்பட்டவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் காத்தவர்கள் அவர்கள். முதியவர் ஒருவரிடம் நினைவுகளைக் கேட்டுப் பதியும்போது துன்பத்தை மட்டும் கேட்காமல், தெருவில் விளையாடியதையும் சமையலறை வாசனையையும் கேளுங்கள்.

நினைவின் அளவு

கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு, பலர் இறைச்சியும் திராட்சை இரசமும் தொடாமல் நோன்பு பூண்டார்கள் என்று தல்மூத் கூறுகிறது. ரபி யெகோசுவா அவர்களிடம் சென்று, அப்படியானால் அப்பமும் பழமும் நீரும்கூட ஆலயத்தில் படைக்கப்பட்டவைதாமே, அவற்றையும் விட்டுவிடுவீர்களா என்று கேட்டார். அவர்கள் வாயடைத்து நின்றபோது, துக்கம் காக்காமல் இருப்பது இயலாது, அளவுக்கு மீறிக் காப்பதும் இயலாது என்று சொல்லி, அறிஞர்கள் வகுத்த வழியைக் கூறினார்: வீட்டுச் சுவருக்குப் பூச்சுப் பூசு, சிறிதளவு இடத்தைப் பூசாமல் விட்டுவிடு.

துக்கத்தில் மூழ்கித் தம் வாழ்வை நிறுத்திவிட்டவர்களுக்கு இந்தப் பகுதியை எடுத்துச் சொல்லலாம். விருந்தும் திருமணமும் வேண்டாம் என்று மரபு சொல்லவில்லை. விருந்தில் ஒரு சிறு பண்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும், அணிகலன்களில் ஒன்றை அணியாமல் விடலாம் என்றும் அதே பகுதி சொல்கிறது. திருமண மேடையில் மணமகன் கண்ணாடிக் கிண்ணத்தை உடைப்பதையும் இதன் தொடர்ச்சியாகக் கருதுகிறார்கள்.

வீட்டில் இதைச் செய்ய விரும்புபவர் நீளத்திலும் அகலத்திலும் ஒரு முழம் அளவுள்ள சதுரத்தை, வாயிலுக்கு நேர் எதிரே, உள்ளே நுழைபவர் கண்ணில் படும்படி பூசாமல் விட வேண்டும். ஏற்கெனவே பூசிய வீட்டை விலைக்கு வாங்கியவர் அதற்காகச் சுவரைச் சுரண்ட வேண்டியதில்லை.